கடைசி அடி

கடைசிவரை அமெச்சூராகவே கோல்ஃப் ஆடிய சபாபதி, தொலைக்காட்சி வர்ணனையில்தான் பெயர் பெற்றார். கோயிலுக்குள் பேசுவதுபோலத் தணிந்த குரல் அவருடையது. அன்று வர்ணனை அறையின் கண்ணாடி வழியே பார்த்தபோது, குன்றுக்குப் பின்னால் வானம் கறுத்து மின்னியது. புல்வெளியில் அவருடைய பழைய கூட்டாளி நௌஷாத் கடைசி அடிக்குத் தயாராகிக்கொண்டிருந்தான்.

"ஆட்டத்த நிறுத்தச் சொல்லும்மா" என்றார், தயாரிப்பாளர் ஷர்மிளாவிடம்.

"ஒரே ஒரு அடிதான சார். வானத்தப் பத்தி மட்டும் பேசாதீங்க."

அவர் தணிந்த குரலிலேயே தொடர்ந்தார். இடி இப்போது தலைக்கு மேலேயே உருண்டது. நௌஷாத் இரும்பு மட்டையை உயர்த்தினான்.

"நௌஷாத், மட்டையக் கீழ போட்டுட்டு ஓடு" என்று மைக்கில் கத்தினார் சபாபதி.

நாடெங்கும் வீடுகளில் அந்தக் குரல் கேட்டது; கண்ணாடிக்கு அப்பால் புல்வெளிக்கு மட்டும் எட்டவில்லை. நௌஷாத் பந்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.