மேசை ஆடுச்சு

"ஏமாத்தற, மார்லிஸ்! உன் மருமகளுக்கு மட்டும் ஏன் ஒரு அடிகூட விழ மாட்டேங்குது?"

நான் போட்ட சத்தத்தில் கடையின் முன்பக்கம் சாமான் பார்த்துக்கொண்டிருந்தவர்கள்கூடத் திரும்பினார்கள். திரும்பட்டுமே, எனக்கென்ன!

விஸ்கான்சினில் எங்கள் ஊர் விளையாட்டுக் கடையின் பின்னறை ஞாயிறு மதியம் எங்களுக்குத்தான். பனி ஒட்டிய பூட்ஸைக் கழற்றிப் போட்டுவிட்டு, பொரித்த பாலாடைக்கட்டித் தட்டோடு மேசையைச் சுற்றி உட்கார்ந்துவிடுவோம். ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு வீரனாகவோ சூனியக்காரியாகவோ பேச வேண்டும். பூதம் வீசும் கோடரி விழுமா தப்புமா என்று இருபது முகப் பகடை சொல்லும். பூதத்துக்கு இருபது விழுந்துவிட்டால் எதிரில் நிற்கிற ஆள் காலி.

பதினொரு வருஷம் இந்த மேசையில் கதை நடத்தியவன் நான். நாலு மாதமாக மார்லிஸ். பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள். கதை நடத்தக் கற்றுக்கொள்கிறாளாம்! முன்னால் ஒரு மறைப்பு அட்டையை நிறுத்தி, அதற்குப் பின்னால் பகடையை உருட்டுகிறாள். என்ன விழுந்தது என்று அவளுக்கு மட்டும்தான் தெரியும். ஆட்டம் முடிந்ததும், "இன்னிக்கு எங்க சொதப்பினேன், சொல்லுங்க" என்று எல்லோரையும் கேட்டு நோட்டில் எழுதிக்கொள்கிறாள். பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

என் காலத்தில் அட்டையும் கிடையாது, மட்டையும் கிடையாது. பகடை எல்லார் கண்ணெதிரே உருளும். மேசை ஆடினால் மட்டும் மறுபடி உருட்டலாம். மற்றபடி விழுந்தது விழுந்ததுதான். செத்த பாத்திரத்தின் விவரம் எழுதிய தாளை அந்த ஆட்டக்காரரே தன் கையால் கிழிக்க வேண்டும். எல்லாம் நான் போட்ட சட்டம்.

போன குளிர்காலத்தில் மார்லிஸின் மருமகள் கோராவின் சூனியக்காரி செத்தாள். நாலு வருஷம் ஆடிய பாத்திரம்.

"லைல், மேசை ஆடுச்சு. யாரோ முழங்காலால இடிச்சாங்க," என்றாள் கோரா.

"ஆடல. நான் பார்த்தேன். கிழி."

"தாளையாவது வெச்சுக்கறேனே..."

"கிழின்னா கிழி!"

கிழித்தாள். எழுந்து போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள். அதற்கப்புறம் இரண்டு பேர் வருவதையே நிறுத்திவிட்டார்கள். மிச்சமிருந்தவர்கள் கடைசியில் மார்லிஸை நடத்தச் சொன்னார்கள். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்த எரிச்சல் இன்னும் அடங்கவில்லை எனக்கு.

"பூதம் கோராவோட வில்லாளியை மூணு தடவை வெட்டுது, மூணும் தப்புது. நம்பறதுக்கு நான் என்ன இளிச்சவாயனா?"

"தப்பினது தப்பினதுதான், லைல்," என்றாள் மார்லிஸ். "இப்ப பூதம் உன் பக்கம் திரும்புது."

என் வீரன் கிழவன் ஹார்க்கன். அவனை உருவாக்கியது, முன்பு எங்களோடு ஆடிய என் தம்பி வெர்ன். வெர்ன் போய்ச் சேர்ந்து இரண்டு வருஷமாகிறது. அவன் பென்சிலில் எழுதிய அதே தாளைத்தான் ஞாயிறுதோறும் எடுத்து வருகிறேன். காப்பிக் கறையும் அவனுடைய கோணல் எழுத்துமாக. யாரிடமும் அதைப் பற்றி வாய் திறந்ததில்லை.

அட்டைக்குப் பின்னால் பகடை உருண்டு நின்றது. மார்லிஸ் அதையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"மயிரிழைல தப்பிச்ச! கோடரி தலைக்கு மேல போயிடுச்சு."

"முழியே சரியில்லையே! என்ன விழுந்துது? காட்டு."

"வேண்டாம் லைல். விடு."

"அப்ப திருட்டுத்தனம்தான்! மருமகளைக் காப்பாத்தறது வெளிய தெரியக்கூடாதுன்னு எனக்கும் ஒரு பிச்சை போடறியா?"

எட்டி அட்டையைப் பிடுங்கித் தரையில் வீசினேன்.

பகடை மேல் இருபது.

"கோராவுக்கு மூணும் நிஜமாவே தப்புச்சு," என்றாள் மார்லிஸ். கோபத்தில் அவள் முகம் சிவந்திருந்தது. "நாலு மாசத்துல நான் பொய் சொன்னது உனக்கு மட்டும்தான். இதோட அஞ்சு தடவை. வெர்ன் கையெழுத்து எங்களுக்குத் தெரியாதா? போதுமாப்பா இப்ப?"

தாளை இரண்டு கையாலும் பிடித்தேன். எல்லோரும் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பார்க்காமல் என்ன செய்வார்கள், நான் போட்ட சட்டமாயிற்றே. கிழின்னா கிழி. விரல் அசைய மாட்டேன் என்றது.

"மேசை ஆடுச்சு."

சொன்னது கோரா.

"லைல் எட்டினப்ப இடிச்சாரு. பகடை புரண்டுடுச்சு. மேசை ஆடினா மறுபடி உருட்டணும், அதானே சட்டம்?" அவள் நேராக என் கண்ணைப் பார்த்தாள். "ஆடுச்சு. நான் பார்த்தேன்."

போன குளிர்காலத்தில் அந்த மேசை ஆடியது. இன்றைக்கு ஆடவில்லை. இரண்டும் அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

"ஆமா," என்றேன். "ஆடுச்சு."

குனிந்து அட்டையை எடுத்து, மார்லிஸின் முன்னால் நானே நிறுத்தி வைத்தேன்.