மாமா கேட்ட இரண்டு கேள்வி

"போன மாசம் அந்தப் பையன் உங்க லேபுக்கு எதுக்கு வந்தான்? அத மட்டும் சொல்லு இளவரசி" என்றார் கொளஞ்சியப்பன் மாமா.

மாமா மகள் பவானிக்குப் பேசி முடித்திருக்கும் மாப்பிள்ளை அருண்பாண்டியன். சிதம்பரத்தில் நான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரி லேபிலிருந்து அவர் வெளியே வந்ததை யாரோ பார்த்துச் சொல்லியிருக்கிறார்கள். மாமா நெல்லிக்குப்பத்திலிருந்து பஸ் ஏறி லேபுக்கே வந்துவிட்டார்.

"யாரு எதுக்கு வந்தாங்கன்னு நாங்க வெளிய சொல்லக் கூடாது மாமா."

"நான் வெளி ஆளா?"

நான் மேசை மேலிருந்த ரிப்போர்ட்டுகளை அடுக்க ஆரம்பித்தேன்.

"சக்கரை, பிரஷருன்னா நீயே சொல்லியிருப்ப. இது வெளிய சொல்ல முடியாத சீக்கு போலருக்கு."

"அப்படின்னு நான் சொன்னனா மாமா?"

"நீ சொல்லாததே போதும்."

அங்கேயே போனை எடுத்தார். இந்தச் சம்பந்தம் வேண்டாம் என்று மாப்பிள்ளை வீட்டுக்குச் சொன்னார். காரணம் எதுவும் சொல்லவில்லை.

கிளம்பும்போது, சட்டைக்கு மேலாகவே வயிற்றுத் தழும்பைத் தடவிக்கொண்டார்.

"போன மாசம் இங்க ஆபரேஷன் பண்ணப்ப எனக்கு ரத்தம் குடுத்தது யாருன்னும் சொல்ல மாட்டேங்கற. அந்தப் புள்ளையக் கையெடுத்துக் கும்புடணும்னு கெடக்கறேன். அவன் பேரையாவது சொல்லேம்மா."

மாமாவின் இரண்டு கேள்விக்கும் ஒரே பதில்தான். அருண்பாண்டியன் அன்று லேபுக்கு வந்தது மாமாவுக்கு ரத்தம் கொடுக்க.

"அதையும் சொல்லக் கூடாது மாமா" என்றேன்.