முதல் அரை மணி நேரம்

எந்தச் சேதத்துக்கும் உலகத்தில் மருந்து உண்டு; அதை முதல் அரை மணி நேரத்துக்குள் போட்டுவிட வேண்டும். காயத்துக்குக் கட்டு, தீக்கு மணல், கெட்ட பேருக்கு மன்னிப்பு. அரியலூர்ப் பக்கம் ஒரு சிமென்ட் ஆலையில் மக்கள் தொடர்பு அதிகாரியான மரிய ஆல்பர்ட் இதைப் பல மேடைகளிலும் பயிற்சி வகுப்புகளிலும் முழங்கியவர். இன்று காலை ஆபீஸ் கதவைச் சாத்திவிட்டு, உதவியாளன் அஸ்லாம் முன்னால் தொப்பென்று உட்கார்ந்தார்.

“பெரிய டேமேஜ் அஸ்லாம்.”

“மறுபடியும் சுரங்க வெடியில வூட்டுச் சுவரு விரிசல் விட்டுச்சா சார்?”

“அதத்தான் நேத்தே முடிச்சாச்சே. இது வேற.”

“எத்தன பேருக்குப் பாதிப்பு?”

“ஒருத்தங்கதான். போன பொருளே திரும்ப வேணுமாம். புதுசு தரேன்னாலும் வேணாங்கறாங்க.”

“மன்னிப்புக் கேட்டீங்களா?”

“திருடு போயிடுச்சுன்னு நேத்தே சொல்லிட்டேன்.”

“வகுப்புல பொய் சொல்லக் கூடாதும்பீங்களே சார்!”

“அது வகுப்பு.”

ஆல்பர்ட் அன்றைய பேப்பரைத் தள்ளினார். படத்தில், விரிசலுக்கு நியாயம் கேட்டு வந்த ஊராட்சித் தலைவிக்கு அவர் பல்லெல்லாம் தெரியப் பட்டுப்புடவை கொடுத்துக்கொண்டிருந்தார்.

“இதுக்கென்ன சார்? சால்வை இல்லேன்னதும் உங்க கார்லேர்ந்து புடவைய எடுத்தாந்து குடுத்தீங்க. ஊரே கை தட்டுச்சு.”

“அது ஏலாக்குறிச்சி மாதாவுக்குச் சாத்தணும்னு எங்க வூட்டம்மா நேர்ந்துக்கிட்டு வாங்கி வச்சது.”

அஸ்லாம் சிரிப்பை விழுங்கினான். “பேப்பர்காரங்களுக்கு இந்தப் படத்த எவன் சார் குடுத்தான்?”

ஆல்பர்ட் பேப்பரை மடித்து மேசை டிராயருக்குள் தள்ளினார். புடவையின் சரிகை தெளிவாகத் தெரிகிற படமாகப் பார்த்து, ஏழு பத்திரிகைக்கும் அரை மணி நேரத்துக்குள் அனுப்பியவர் அவர்தான்.