ஒரு நூல்கூட அறுக்காத கத்தி

கொலையாளி யார் என்று மண்டையைப் பிய்த்துக்கொள்ளும் வேலையே இருக்காது என்றுதான் இன்ஸ்பெக்டர் நினைத்தார். கத்திக்கடைக்காரரின் நெஞ்சில் செருகியிருந்த மடக்குக் கத்தியில் கைரேகை இல்லை. ஆனால் அதன் அலகில் நம்பர் இருந்தது. ஏழு.

கத்தி சேர்ப்பதற்கென்று ஒரு கூட்டம் இருப்பதே அவருக்கு அன்றுதான் தெரியும். பழைய பாணியில் ஐம்பதே ஐம்பது செய்வார்களாம். ஒவ்வொன்றிலும் நம்பர் போடுவார்களாம். அப்புறம் காலில் விழுந்தாலும் ஐம்பத்தோராவது கிடையாதாம். எந்த நம்பர் யாரிடம் இருக்கிறது என்பது அந்தக் கூட்டத்தில் எல்லோருக்கும் மனப்பாடம். ஏழாம் நம்பர் பல் டாக்டருடையது.

"ரொம்ப வசதியாப் போச்சு சார். குத்தினவன் விலாசத்தையும் வெச்சுட்டுப் போயிருக்கான்," என்றார் ஏட்டு.

டாக்டர் மறைக்கவில்லை. "என் கத்திதான். வேற ஒண்ணோட மாத்திக்கலாம்னு போன வாரம் அவர் கடையில கொடுத்து வெச்சிருந்தேன். யார் கையில கிடைச்சுதோ," என்றார்.

வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டு கண்ணாடி அலமாரியைத் திறந்து காட்டினார். வெல்வெட் துணியில் வரிசையாகக் கத்திகள். ஏட்டுக்கு வாய் சும்மா இருக்காது.

"கொம்புப் பிடி ஜோரா இருக்கு சார்."

"கொம்பு இல்லைங்க, எலும்பு. பொடிப் பொடியாப் புள்ளி தெரியுது பாருங்க, அது எலும்புலதான் வரும்," என்றார் டாக்டர். கொலைக்கேஸில் விசாரிக்க வந்தவர்களிடம்கூடத் திருத்தாமல் விட மனசு வரவில்லை மனிதருக்கு.

டாக்டரின் மனைவி வாசற்படியிலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தவர், பொறுக்க முடியாமல் உள்ளே வந்தார். "இவரா குத்தியிருப்பாரு? ஒரு எலுமிச்சம்பழம் நறுக்க இதுல ஒண்ணு கேட்டேன், ஒரு வாரம் என்கூடப் பேசலை. வீட்டுக்குப் பார்சல் வந்தா பல்லால கடிச்சுப் பிரிக்கிறாரு. பல் டாக்டரு."

"எலுமிச்சை பட்டா இரும்பு கறுத்துடும். ஒரு நூலை அறுத்தாக்கூட அது பழைய கத்திதான் சார். அப்புறம் நாய்கூடச் சீந்தாது," என்றார் டாக்டர், மனைவியைப் பார்க்காமல்.

திரும்பும் வழியெல்லாம் இன்ஸ்பெக்டர் யோசித்துக்கொண்டே வந்தார். எலுமிச்சைக்கே இந்தப் பாடு. இந்த மனிதர் போய், தான் பொத்திப் பொத்தி வைத்த ஏழாம் நம்பரை ரத்தத்தில் முக்குவாரா?

"கொல்லணும்னா சமையல்கட்டுக் கத்தியை எடுத்துட்டுப் போயிருப்பார் சார்," என்றார் ஏட்டும்.

அப்போதுதான் கடைக்காரரின் மச்சான் அகப்பட்டான். கடையில் பாதி தனக்கு வர வேண்டும் என்று ஊர் கூட்டிச் சண்டை போட்டவன். "உன்னை ஒருநாள் முடிச்சுக் கட்டறேன் பார்" என்று அவன் தெருவில் நின்று கத்தியதைக் கேட்ட சாட்சிகள் ஒரு தெரு நிறைய இருந்தார்கள். கடையிலிருந்த கத்தி, கடைக்குள் வந்துபோகிற ஆள். வேறென்ன வேண்டும்?

"தவளை தன் வாயால கெடும்னு சும்மாவா சொன்னாங்க," என்று சொல்லிக்கொண்டே இன்ஸ்பெக்டர் அவனைப் பூட்டி வைத்தார். அவன் மனைவி கைக்குழந்தையோடு ஸ்டேஷன் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். போகச் சொன்னால் போகவில்லை.

வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட டாக்டர் வந்தார். கம்பிக்குப் பின்னாலிருந்து மச்சான், "நான் இல்லைங்க. நீங்களாவது சொல்லுங்க டாக்டர்," என்று கும்பிட்டான். டாக்டர் அந்தப் பக்கம் திரும்பவில்லை. கையெழுத்துப் போட்டார், பேனாவை மூடினார், எழுந்தார்.

இன்ஸ்பெக்டருக்குத்தான் உறுத்தலாக இருந்தது. ஒரு நல்ல மனிதரைப் போய்ச் சந்தேகப்பட்டுவிட்டோமே. ஆறுதலாக நாலு வார்த்தை சொல்லலாம் என்று, கத்தி இருந்த பிளாஸ்டிக் பையை மேஜைமேல் எடுத்து வைத்தார்.

"எனக்கே மனசு கேக்கலை டாக்டர். எப்பேர்ப்பட்ட கத்தி, ரத்தம் பட்டு வீணாப் போச்சு. உங்களைப் பார்த்துட்டு வந்ததுல இருந்து நானும் கொஞ்சம் கத்தி பார்க்கக் கத்துக்கிட்டேன். உங்க அலமாரியில இருக்கிற அத்தனையையும் தூக்கிச் சாப்பிட்டுடும் இது. அந்த எலும்புப் பிடி என்ன, நம்பர் போட்டிருக்கிற அழகு என்ன..."

டாக்டர் ஒரு காலை வாசலுக்கு வெளியே வைத்திருந்தார். அப்படியே போயிருக்கலாம். போக முடியவில்லை.

"எதுங்க எலும்பு?" என்று திரும்பி வந்தார். முகம் சிவந்திருந்தது. "பிளாஸ்டிக் சார் இது. ஒரு புள்ளி தெரியுதா? ஒரிஜினல்ல நம்பரை அடிச்சிருப்பாங்க, தடவினா விரல்ல தட்டும். இது ஊசியால கீறினது. இதைப் போய் என் அலமாரியோட சேர்த்துப் பேசறீங்களே. அந்தப் படுபாவி ஏழாம் நம்பர்னு சொல்லி என் தலையில கட்டின டூப்ளிகேட் இது. அதுக்குத்தான் நான்..."

பாதியில் நிறுத்திவிட்டு வாசலைப் பார்த்தார்.

இன்ஸ்பெக்டர் பையை மெதுவாகத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "அப்ப இதுல ரத்தம் பட்டா உங்களுக்கு ஒண்ணும் நஷ்டம் இல்லை, அப்படித்தானே டாக்டர்?"

ஏட்டு கம்பிக் கதவைத் திறந்து மச்சானை வெளியே விட்டார். பிறகு அதைச் சாத்தாமல், டாக்டருக்காக மரியாதையாகப் பிடித்துக்கொண்டு நின்றார்.