கம்பத்தின் பச்சை விளக்கு

ஊரை ஸ்மார்ட் சிட்டி ஆக்கவென்று ராயபுரம் கடலோரம் மொபைல் கம்பெனி நட்டிருக்கும் கம்பத்தில் தெருவிளக்கு, கேமரா, போன் சிக்னல் பெட்டி எல்லாம் இருக்கின்றன. பெட்டியை மாற்ற வந்த சுடலைராஜ், ஏணியில் நின்றபடி சுவிட்சில் விரல் வைக்கிறான். கீழே கம்பத்தில் சாய்ந்து, கைக்குழந்தையின் முகத்துக்கு நேராகப் போனைப் பிடித்திருக்கிறாள் உமைமா. துறைமுகத்தை விட்டுப் புறப்பட்ட கப்பலிலிருந்து அவள் கணவன் கொஞ்சுகிறான். குழந்தை திரையை நக்குகிறது. சுடலைராஜ் விரலை எடுத்துக்கொள்கிறான். அந்தி வெயில் பட்ட கப்பல் சிறுத்துக்கொண்டே போகிறது. திரையில் கணவனின் முகம் கட்டம் கட்டமாக உடைந்து, இல்லாமல் போகிறது. உமைமா அண்ணாந்து பார்க்கிறாள். "லைன் போச்சு. நீங்க ஆஃப் பண்ணீங்களாண்ணா?" பெட்டி ஓடுவதைக் காட்டி இன்னும் எரியும் பச்சை விளக்கைச் சுடலைராஜ் உள்ளங்கையால் மூடிக்கொள்கிறான். "ஆமாம்மா, நான்தான். அவரு கிட்டக்கதான் கீறாரு."