மூன்று வெரி

"ஒரு 'வெரி' போதும்னு எத்தன தரம் சொல்றது மகன்? இன்னொருக்கா சொல்லுங்க, பாப்பம்."

ஜெஸீமா டீச்சர் மேசையில் தட்டினாள். பெல்மதுளைச் சந்தியில், போன் கார்ட் விற்கும் முக்தாரின் கொமியூனிகேஷன் கடைக்கு மேல்மாடியில் அவள் நடத்தும் இங்கிலீஷ் வகுப்பு அது. பதினெட்டுப் பேரும் திரும்பி, கடைசி வாங்கில் எழுந்து நின்ற கஜேந்திரனைப் பார்த்தார்கள்.

கஜேந்திரன் மூச்சை இழுத்துக்கொண்டான்.

"ஐ ஆம் வெரி, வெரி, வெரி, வெரி இன்ட்ரஸ்டட் இன் டீ."

"போச்சு! மூணு இப்ப நாலாயிருச்சி," என்றாள் முன் வாங்கிலிருந்த நுஸ்கா. வகுப்பே கொல்லென்று சிரித்தது. கஜேந்திரனும் சேர்ந்து சிரித்தான்.

டீச்சருக்கும் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள். சிரிக்கிற நேரமா இது? திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு அவனுக்கு இன்டர்வியூ. தோட்டத்துத் தேயிலை பெக்டரியில் உதவி டீமேக்கர் உத்தியோகம். அவனுடைய அப்பா சாகும்வரை கொழுந்து மூட்டை சுமந்த பெக்டரி அது. தொழிலாளர் லயத்தில் பிறந்த ஒருவனை அந்த உத்தியோகத்துக்குக் கூப்பிட்டிருப்பதே இதுதான் முதல் தடவை. தோட்டத்து மேனேஜர் துரை கேள்வியெல்லாம் இங்கிலீஷில்தான் கேட்பாராம்.

எழுத்தில் அவன் படு கெட்டிக்காரன். எல்லாரும் சேர்ந்து வாசிக்கும்போதும் அவன் குரல்தான் முன்னுக்குக் கேட்கும். தனியாக எழும்பிச் சொல்லச் சொன்னால்தான் இந்தக் கூத்து. அப்பாவைப் பற்றிக் கேட்டால் வெரி வெரி வெரி குட். பெல்மதுளையைப் பற்றிக் கேட்டால் வெரி வெரி வெரி பிக்.

"இங்க பாருங்க. 'வெரி'ங்கிறது கறிக்குப் போடுற உப்பு மாதிரி. அளவாப் போட்டா ருசி. அள்ளிக் கொட்டினா துரை எழும்பிப் போயிருவாரு. இன்னும் அழுத்திச் சொல்லணுமா? 'ரியலி' போடுங்க, 'எக்ஸ்ட்ரீம்லி' போடுங்க. எதப் போட்டாலும் ஒண்ணே ஒண்ணு. வெளங்குதா?"

தலையாட்டினான்.

"தலைய ஆட்டாம வாயால சொல்லுங்க!"

அதற்கும் தலையைத்தான் ஆட்டினான்.

ஜெஸீமா எழுந்துபோய் அவன் எழுதி வைத்திருந்த தாளை வாங்கினாள். சிவப்புப் பேனாவால் உபரி 'வெரி'களை ஒவ்வொன்றாக வெட்டினாள். பதினொன்று போயிற்று.

"இப்ப வாசிங்க. ஒரே ஒரு 'வெரி'யோட."

கஜேந்திரன் வாயைத் திறந்தான். மூடினான். ஜன்னலைப் பார்த்தான். மறுபடி திறந்தான். பிறகு தாளை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, படியிறங்கிப் போய்விட்டான்.

"நல்லதுக்குச் சொன்னா கோவத்தப் பாருங்களே! ரெண்டு எழுத்துத் தெரிஞ்சதும் வர்ற திமிரு!" டீச்சருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மிச்சப் பாடத்தை அரைமனதாக நடத்தி முடித்தாள்.

மறுநாள் ஞாயிறு. காலையில் அவள் வகுப்பறையைக் கூட்டிக்கொண்டிருந்தபோது, நைந்த சேலையோடு ஒரு பெண் படியேறி வந்தாள். வாசலிலேயே செருப்பைக் கழற்றினாள்.

"டீச்சருங்களா? நான் விஜயகலா. கஜேந்திரனோட அக்காங்க."

ஜெஸீமா விளக்குமாற்றைச் சுவரில் சாத்தினாள். "தம்பிய ஏசிட்டேன்னு கேக்க வந்தீங்களோ?"

"ஐயோ, இல்லீங்க! நல்லா ஏசுங்க. படிச்சிக் குடுக்கிறவங்க ஏசாம யாரு ஏசுறது?" விஜயகலா தயங்கினாள். பிறகு மடித்த அந்தத் தாளை நீட்டினாள். "இதுல வெட்டின 'வெரி'ய மட்டும் திருப்பிக் குடுத்துருங்க டீச்சர்."

"என்னது?"

"நேத்து வந்ததுலேருந்து ஒரு 'வெரி'ய வச்சிச் சொல்லிச் சொல்லிப் பாத்தான். முடியல. நாளைக்கி இன்டர்வியூவுக்கே போக மாட்டேன்னு சுருண்டு படுத்துட்டான்."

"இது என்ன கதை? நாலு சொல்ற வாய்க்கு ஒண்ணு சொல்றது லேசுதானே?"

"நமக்கு லேசுங்க. அவனுக்குப் பேச்சு திக்கும் டீச்சர்."

ஜெஸீமா ஒரு வாங்கை இழுத்துப் போட்டு அவளை உட்காரச் சொன்னாள்.

"சின்னதுலேருந்தே அப்படித்தான். வெளியாளுங்ககிட்ட வாயே தொறக்க மாட்டான். இந்த 'வெரி' ஒண்ணுதான் அவனுக்குத் திக்காம வருது. அதையே சொல்லிக்கிட்டு நிப்பான். அடுத்த வார்த்தை வர்ற மாதிரி இருந்தா டக்குனு அதுக்குத் தாவிருவான்."

"யா அல்லாஹ்..." என்றாள் ஜெஸீமா. அந்தப் பிள்ளையையா திமிர் பிடித்தவன் என்றோம்? தாளை வாங்கி மேசையில் விரித்தாள். வெட்டிய இடத்திலெல்லாம் 'வெரி' என்று மறுபடி எழுதினாள். போதாததற்கு இன்னும் ஐந்தாறு சேர்த்தே எழுதினாள்.

"எத்தன வேணுமோ அத்தன சொல்லட்டும். கட்டாயம் போகச் சொல்லுங்க." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இத ஏன் மொதல்லயே யாரும் எனக்குச் சொல்லல? பாவம், இவ்வளவு நாளும் எல்லாருமாச் சேந்து அவரப் பாத்துச் சிரிச்சோமே!"

"நாந்தான் மொத நாளே வந்து சொல்றேன்னேன், அவன் விடலீங்க," என்றாள் விஜயகலா. "அந்த மொத நாள் நீங்க எல்லாரும் 'வெரி'ய வச்சிச் சிரிச்சதுக்கு, வீட்டுக்கு வந்து சந்தோசத்துல அழுதான் டீச்சர். திக்குவாயன்னு இல்லாம வேற எதுக்காகவோ அவனப் பாத்து நாலு பேரு சிரிச்சது, இந்த இருபத்திமூணு வருசத்துல அதுதான் மொத தடவ."