சீப்பு

புற்றுநோய் வந்த சிறுமிக்கு ஆறுதல் சொல்ல, சேவைச் சங்கத் தலைவர் ஒரு விக்கோடும் போட்டோகிராபரோடும் வந்து இறங்கினார்.

சோபாவில் பெரியவள் மொட்டைத் தலையோடு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் சின்னவள் கண்ணாடி பார்த்து, விரல் நீளமே இருந்த சுருட்டை முடியைச் சீவிக்கொண்டிருந்தாள்.

தலைவர் மொட்டைத் தலையைத் தடவிக் கண்கலங்கினார். போட்டோகிராபர் தயாராக இல்லாததால் இன்னொரு தடவை கலங்கினார்.

"சார், அது வந்து..." என்றாள் அம்மா.

"நீங்க ஒண்ணும் சொல்லாதீங்கம்மா. பெத்த மனசு எனக்குத் தெரியாதா?" என்றவர் சின்னவளிடம் திரும்பினார். "ஏம்மா, அக்கா இப்படி இருக்கறப்போ அவ கண்ணு முன்னாடியே தலை சீவுறியே, கொஞ்சமாவது இரக்கம் வேண்டாம்?"

சின்னவள் சீப்பைக் கீழே வைத்தாள்.

"சார், நோய் வந்தது அவளுக்கு," என்றாள் பெரியவள். "சுத்தமா குணமாயிடுச்சுன்னு டாக்டர் நேத்துதான் சொன்னார்."

"அப்போ உன் தலை?"

"அவளுக்கு முடி முளைக்கவே முளைக்காதுன்னு பந்தயம் கட்டினேன். தோத்துட்டேன்."

"அடப்பாவமே! நோயாளிக் குழந்தைகிட்ட கட்டுற பந்தயமா இது?"

"மருந்தே வேண்டாம்னு அழுதுகிட்டுக் கிடந்தேன் அங்கிள்," என்றாள் சின்னவள். "இவளை மொட்டை அடிச்சே தீரணும்னுதான் அத்தனை மாத்திரையையும் முழுங்கினேன். இன்னிக்குக் காலையில என் கையாலேயே மழிச்சேன்!"

தோற்ற பெருமையில் பெரியவள் தன் தலையைத் தடவிக்கொண்டாள். விக்கை யார் தலையில் கட்டுவது என்று தெரியாமல் தலைவர் நின்றார்.

சின்னவள் சீப்பை மறுபடி எடுத்தாள்.

"போட்டோகிராபர் அண்ணா, ஒரு நிமிஷம். வகிடு எடுத்துக்கறேன்."